அவள் கணினிவரை போகவேண்டிய நூலகம்

நானும் அவளும் ஒரு நூலகத்தைப் பார்த்துக்கொண்டோம். புத்தகங்கள் அடுக்கிய நூலகம் இல்லை. மற்றச் செய்நிரல்கள் தங்கள் தேவைக்கு எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு செய்நிரல் தொகுப்பையும் கணினிக்காரர்கள் நூலகம் என்றுதான் சொல்வார்கள். அன்புவழிபுரத்தில் என் அறையிலிருந்து நானும், கிண்ணியாவில் தன் உம்மாவின் குசினிக்குப் பக்கத்து அறையிலிருந்து அவளும் அதைப் பராமரித்தோம். இடையில் ஒரு பாலமும் ஒரு பஸ் பயணமும் இருந்தன. இப்போது அவள் கட்டாரில் இருக்கிறாள்.

அந்த நூலகம் என்ன செய்தது என்று சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் சேர்ந்து இலவசமாகக் கட்டி வழங்குகிற ஒரு பணிசெயல் முறைமை உண்டு. கணினியைப் போட்டதும் அதை நடத்துகிற அடிப்படை மென்பொருளுக்கு எங்கள் பாடப்புத்தகம் தந்த பெயர் அது. சுருக்கமாக முறைமை என்று எழுதுகிறேன். அந்த முறைமைக்குள் எந்தச் செய்நிரல் வந்தாலும் பொதியாகக் கட்டித்தான் வரும். ஒவ்வொரு பொதியோடும் ஒரு விவரக்குறிப்பு இருக்கும். பொதியின் பெயர், பதிப்பு, அது இயங்குவதற்கு வேறு எந்தப் பொதிகள் வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தக் குறிப்பை வாசித்து, சரிபிழை பார்த்து, இரண்டு பதிப்புகளில் எது புதியது என்று சொல்வது எங்கள் நூலகத்தின் வேலை.

எது புதியது என்று சொல்வது சின்ன வேலை மாதிரித் தெரியும். அந்தப் பகுதி முழுக்க அவளுடையது. முறைமையின் பதிப்பெண்களில் அலை மாதிரி ஒரு குறி வரும். ஒரு பதிப்பு முழுதாக வெளிவருவதற்கு முன்னால் சோதனைக்கு விடுகிறவற்றில் அதைப் போடுவார்கள். அலைக்குறி போட்டது, ஒன்றுமே போடாததை விடப் பழையது. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட அன்று, நாங்கள் ஒன்றாகப் படித்த பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வரும் பஸ்ஸில் என் தோளை உலுக்கினாள்.

"ஒண்டுமில்லாததை விடக் குறைஞ்சது ஒண்டு இரிக்கி புள்ள! கணக்கு வாத்தி சொன்னதெல்லாம் பொய்."

முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்து, "உண்மையாத்தான் சேர்" என்றாள்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படலையைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். சீனன்குடாப் பக்கம் லொறிக்கு மா மூட்டை ஏற்றுகிறார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மா பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. நான் செய்கிற வேலையை அயலவர்களுக்கு அம்மா தன் பாட்டில் விளங்கப்படுத்துவார்.

"மகள் கொம்பியூட்டருக்கு மூட்டை கட்டிறவள்."

அப்பா ஒரு கையை இடுப்பில் ஊன்றி, முகத்து மாவைத் துடைத்துக்கொண்டே, "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான். எனக்கு நாரி நோகுது, இவளுக்குக் கண் நோகுது" என்பார்.

சம்பளத்துக்கு நான் செய்வது கொழும்பு நிறுவனம் ஒன்றின் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறேன். நூலகம் அதற்குப் புறம்பானது. வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, இந்த நூலகம் பராமரிக்க ஆளில்லாமல் கிடக்கிறது, யாராவது எடுப்பீர்களா என்று முறைமைத் தொண்டர்களின் மின்னஞ்சல் மடலாடலில் ஒருவர் கேட்டிருந்தார். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவள் எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் எழுதி அனுப்பிவிட்டாள். "என்னைக் கேட்டனியா?" என்றேன். "நீ ஓமெண்டுதானே சொல்லுவாய், பிறகென்னத்துக்குக் கேக்கிறது" என்றாள்.

எங்கள் கணினிகளைத் தமிழில் வைத்திருந்தோம். முறைமை அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் பாதிச் செய்திகள் தமிழில் இல்லை. எங்கள் நூலகத்தின் பிழைச் செய்திகள் எல்லாவற்றையும் நாங்களே தமிழாக்கினோம். 'தேவையான பொதி கிடைக்கவில்லை', 'பதிப்பெண் எழுத்தில் தொடங்கக்கூடாது' என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தோம். பிறகு சோதனைகள் எழுதினோம். நூலகத்துக்கு வேண்டுமென்றே பிழையான பொதியைக் கொடுத்து, சரியான முறைப்பாடு திரும்பி வருகிறதா என்று பார்க்கிற சின்னச் சின்னச் செய்நிரல்கள் அவை. அந்த முறைப்பாடு தமிழில் வருகிறதா என்றுதான் எல்லாச் சோதனைகளும் பார்த்தன. எங்கள் திரையில் நாங்கள் கண்டது அதைத்தானே. மொழிபெயர்ப்புக் கோப்பு முறைமையின் மூலநிரலுக்குள்ளேயே இருந்ததால், உலகத்தில் எங்கே கட்டினாலும் சோதனைகள் தமிழைக் கேட்டன, தமிழ் வந்தது, சித்தியடைந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருவர் எழுதினால் மற்றவர் பார்க்கவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். நான் எழுதியதை அவள் வரி வரியாக வாசித்துப் பக்கத்தில் குறிப்புப் போடுவாள். 'இந்த வரி நித்திரை கொள்ளுது.' 'இதை எழுதேக்க உனக்குப் பசி, தெரியுது.' ஒருமுறை செய்நிரலின் நீண்ட பகுதி ஒன்றுக்குப் பக்கத்தில், 'கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி எல்லாத்தையும் போட்டுக்கொண்டு வந்திரிக்கி' என்று எழுதியிருந்தாள். மூன்றிலொரு பங்கை வெட்டினேன். அவள் சொன்னது சரி.

பிறகு அவளுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் ஒரு நிறுவனத்தில் வேலை. நல்ல மனிதர், அதில் எனக்கு ஒரு குறையும் சொல்ல இல்லை. அவள் போவதற்கு முந்திய கிழமை கிண்ணியாவுக்குப் போய், பெட்டி கட்ட உதவினேன். நிறை கூடிப்போனதால் உம்மா ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்தார். அவளுடைய பழைய லப்டொப்பும் வெளியே வந்தது. திரையில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. "அங்க போய்ப் புதுசு எடுக்கிறன்" என்றாள். எடுக்கவில்லை. வீட்டில் இருந்தது கணவருடைய அலுவலக லப்டொப், வேறு முறைமை. அதை மாற்றவோ, அதற்குள் இன்னொன்றைப் போடவோ அலுவலகம் விடாது.

எங்கள் முறைமை உள்ள கணினியில் எங்கள் நூலகம் தானாகவே இருக்கும். அது இல்லாத கணினிக்கு நூலகம் போக வழியே இல்லை. மூலநிரலை இறக்கினாலும், முறைமையின் பாதி உடம்பையும் சேர்த்துக் கட்டு என்று அது கேட்கும். ஆகவே அவளால் நூலகத்தை ஓட்டிப் பார்க்க முடியாது. ஓட்டிப் பார்க்க முடியாத ஒன்றைத் திருத்தவும் முடியாது. அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

நாங்கள் கதைக்காமல் இல்லை. கீரி மீன் அங்கே என்ன விலை, மாமியார் என்ன சொன்னார், குளிரூட்டி எப்படிச் சத்தம் போடுகிறது என்றெல்லாம் குரல் செய்தி வரும். நானும் அனுப்புவேன். எங்கள் ஊரில் தெருவிலேயே திரிகிற மான்களில் ஒன்று பஸ் நிலையத்தில் ஒரு ஆளுடைய பையிலிருந்து வெற்றிலைக் கட்டை இழுத்துக்கொண்டு ஓடியதைப் படமெடுத்து அனுப்பியபோது, சிரித்த சிரிப்பிலேயே அவளுடைய செய்தி முடிந்துபோனது. நூலகத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. எனக்கு இல்லாமற்போனது அதுதான். நான் எழுதியதை இப்போது குளிர்நாடு ஒன்றில் இருக்கிற மூத்த தொண்டர் ஒருவர் பார்த்தார். 'சரி' என்று ஒரு சொல் எழுதுவார். அவர் பிழையான மனிதர் இல்லை. ஆனால் என் வரிகளில் எது நித்திரை கொள்கிறது என்று அவருக்குத் தெரியாது. என்னை அவ்வளவு கவனமாக வாசித்த ஆள் என் வாழ்க்கையில் அவள் ஒருத்திதான். என் கடிதங்களை அம்மாவால் வாசிக்க முடியாது. ஆசிரியர்கள் விடைத்தாளைத்தான் வாசித்தார்கள்.

முறைமையின் பெரிய வெளியீடு ஒன்று நெருங்கும்போது, நெடுநாளாகச் சத்தமில்லாத பராமரிப்பாளர்களுக்கு ஒரு கடிதம் போகும். இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். வெளியீட்டுக்கு முன் அவர்களிடமிருந்து ஒரு திருத்தமாவது வரவேண்டும். வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தக் கடிதத்தின் தலைப்பில் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் 'காணாமற்போனோர்'. எங்கள் ஊரில் யுத்தத்தில் திரும்பிவராதவர்களுக்குரிய அந்தச் சொல்லை அப்படி இலேசாக எழுதமாட்டோம். அவளுக்குப் போன கடிதத்தின் பிரதி எனக்கும் வந்தது. கீழே குளிர்நாட்டுக்காரர் ஒரு வரி சேர்த்திருந்தார்: உங்கள் தோழி நலமா?

'அவள் காணாமற்போகவில்லை. கட்டாரில் இருக்கிறாள். வருவாள்' என்று உடனே பதில் எழுதினேன். எழுதிய பிறகுதான் அவளுக்கு அழைப்பெடுத்தேன்.

"எடுக்கிறதெண்டா எடுக்கட்டும் புள்ள. பேர்தானே" என்றாள்.

"பேர்தானேயோ? எங்கட ரெண்டு பேற்ற பேரும் ஒண்டாக் கிடக்கிறது அங்க மட்டுந்தான்டி."

 அவளுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது.

"நான் என்ன செய்யிற? இந்த லப்டொப்பில அது ஏலாதே."

"ஏலுமெண்டா செய்வியா?"

"மொழிக் களஞ்சியத்தில கிடந்தா எடுத்துப் போடுவன். மத்ததெல்லாம் அதிலயிருந்து எடுக்கிறதானே. அதுக்கு ஒருத்தரும் தடை சொல்லேல்ல." பிறகு சிரித்தாள். "நீ இப்ப ஓடிப்போய் அதைச் செய்வாய், எனக்குத் தெரியும்."

ஓடிப்போய்த்தான் செய்தேன்.

மொழிக் களஞ்சியம் என்று அவள் சொன்னது வேறொரு உலகம். ஒவ்வொரு செய்நிரல் மொழிக்கும் பொதுவான களஞ்சியம் ஒன்று இணையத்தில் இருக்கும். அந்த மொழியில் எழுதுகிறவர்கள் தங்கள் நூலகங்களை அதில் போட்டு வைப்பார்கள். எந்த முறைமை ஓடும் கணினியாக இருந்தாலும், அந்த மொழி அதில் இருந்தால் போதும். ஒரு வரி தட்டினால் நூலகம் வந்து உட்காரும். அவளுடைய வீட்டு லப்டொப்பில் அந்த மொழி இருந்தது. எங்கள் நூலகத்தை அந்தக் களஞ்சியத்தில் போட்டால், முறைமை இல்லாமலே அவளிடம் போய்ச் சேரும்.

குளிர்நாட்டுக்காரர் மறுத்தார். முறைமையின் பொருள் முறைமையின் வழியாகவே போகவேண்டும் என்று எழுதினார். களஞ்சியத்தில் இன்னொரு பிரதி கிடந்தால், ஒன்று பழையதாகும், ஒன்று புதியதாகும். உடைந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் கட்டுவேன், இரண்டும் ஒரே நாளில் வெளிவரும், பதில் நான் சொல்வேன் என்று எழுதினேன். எங்கள் முறைமை இல்லாத கணினிகளில் இருந்துகொண்டும் அதன் பொதிகளை வாசிக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் வாதாடினேன். அது உண்மை. முதல் உண்மை அது இல்லை. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'சரி. பதில் சொல்வது நீங்கள்' என்றார். அந்த மனிதரிடமிருந்து வந்த மிக நீளமான சம்மதம் அதுதான்.

வேலை நினைத்ததைவிடக் கடினம். மேற்கிலிருந்து சூடாகக் கச்சான் காற்று அடித்த மாதங்கள் அவை. மத்தியானத்தில் தகரக் கூரை சுடும். நான் ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இருப்பேன். எங்கள் நூலகம் தன்பாட்டில் நிற்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் முறைமையின் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. கணினி வகைகளின் அட்டவணையை முறைமையின் ஒரு கோப்புறையில் போய்ப் பார்த்தது. பொதியைத் திறக்க முறைமையின் கருவியைக் கூப்பிட்டது. அட்டவணையை உள்ளே எடுத்துவந்தேன். கருவி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தேன். பதிப்பெண்தான் என்னைக் கவலைப்படுத்தியது. மொழிக் களஞ்சியத்துக்கு அலைக்குறி தெரியாது. வெறும் எண்களும் புள்ளிகளும்தான் தெரியும். பொதிகளை ஒப்பிடும்போது அவளுடைய அலைக்குறி உள்ளே வேலை செய்யும். ஆனால் எங்கள் நூலகத்தின் சொந்தப் பதிப்பெண்ணில் அதைப் போட முடியாது. நூலகம் வெளிக்கிடும்போதே அவளுடைய பங்கில் ஒன்றைக் கழற்றிவைக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

அம்மா தேத்தண்ணியோடு வந்து திரையைப் பார்ப்பார்.

"இன்னும் அந்தக் கிண்ணியாப் பிள்ளைக்குத்தான் மூட்டை கட்டுறியோ?"

"ஓமம்மா."

"கட்டாருக்கு ஒரு மூட்டை அனுப்ப இவ்வளவு நாளோ? கப்பலே போயிருக்கும்."

ஒரு சனிக்கிழமை காலை களஞ்சியத்தில் ஏற்றினேன். அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு பதிப்பெண்ணில் ஒன்றை ஏற்றினால் ஏற்றியதுதான்; அழித்தாலும் அந்த எண்ணில் வேறொன்றைத் திரும்ப ஏற்ற முடியாது. ஆகவே மூன்று தடவை பார்த்தேன். என் கணினியில் எல்லாச் சோதனைகளும் சித்தி. பொத்தானை அமத்திவிட்டு, அவளுக்கு 'வந்திட்டுது' என்று மட்டும் அனுப்பினேன். முற்றத்துக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.

அந்தக் களஞ்சியத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. யார் எதை ஏற்றினாலும், உலகம் முழுக்கத் தொண்டர்கள் தங்கள் கணினிகளில் அதை இறக்கி, அதன் சோதனைகளை ஓட்டி, அறிக்கை அனுப்புவார்கள். சித்தியென்றால் பச்சை, தோல்வியென்றால் சிவப்பு. யாரும் கேட்காமலே நடக்கும். நான் உள்ளே திரும்பி வந்தபோது முதல் அறிக்கைகள் வந்திருந்தன. சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததும் வந்தது, அதுவும் சிவப்பு. போலந்தில் ஒரு கணினி, பிரேசிலில் ஒரு கணினி, ஜப்பானில் ஒரு கணினி. எல்லாரும் எங்கள் நூலகத்தை ஓட்டிப் பார்த்து, உடைந்திருக்கிறது என்று சொன்னார்கள். எனக்குக் காது சுட்டது.

அவளுடைய அழைப்பு வந்தது. எடுத்ததும் சிரிப்பு.

"அடியே, உன்ட நூலகம் உள்ளுக்கு வரமாட்டனெண்டு வாசல்ல நிக்குதுடி."

"என்ன சொல்லுது?"

"நான் என்ன சொல்ல! 'தேவையான பொதி கிடைக்கவில்லை' எண்டு தமிழில வரோணுமெண்டு கேட்டிச்சாம், இங்கிலீசில வந்திட்டாம். அதால கோவம்."

அப்போதுதான் விளங்கியது. மொழிபெயர்ப்புக் கோப்பு முறைமையோடு தங்கிவிட்டது; முறைமை உள்ள என் கணினியில் அது இருந்ததால்தான் எனக்குச் சித்தி வந்தது. நான் நூலகத்தை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றியிருந்தேன். தமிழைத் தரக் கோப்பு இல்லை; சோதனைகளோ தமிழைத் தவிர வேறொன்றையும் ஏற்கவில்லை. போலந்துக் கணினியிடமும் பிரேசில் கணினியிடமும் அதைத்தான் கேட்டிருக்கின்றன.

"ஜப்பான்காரனிட்டயும் தமிழ் கேட்டிருக்குதடி" என்றேன்.

"அவனுக்கு வேணும்! உலகத்திலயே ஒரு சோதனையாவது தமிழில வச்சமே." சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "நாமதானே புள்ள எழுதினம்? எனக்கு ஞாபகமிரிக்கி, அந்த லாப் மிஸ் கதவைப் பூட்டப்போறன் எண்டு நிண்டா, நீ 'கிடைக்கவில்லை'யா 'காணப்படவில்லை'யா எண்டு சண்டை."

"நீதான் சண்டை பிடிச்சனி."

"சரி, நான்தான்."

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோதனைகளைத் தாண்டிக் கட்டாயப்படுத்தி உள்ளே போட்டாள், நூலகம் ஓடியது. எனக்கு அந்தத் திருத்தம் ஒரு மத்தியான வேலை. ஆனால் நான் கைவைக்கவில்லை. "இதை நீ திருத்தி அனுப்பு. அது போதும், உன்ர பேர் நிக்கும்" என்றேன்.

"செய்யிறன். மறுகா செய்யிறன்" என்றாள்.

நான் காத்திருந்தேன். சிவப்பு அறிக்கைகளை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருப்பது எனக்கு இலேசாக இருக்கவில்லை. நான் கௌரவம் பார்க்கிறவள். குளிர்நாட்டுக்காரர் ஒருமுறை, 'களஞ்சியத்தில் உடைந்து கிடக்கிறதே' என்று எழுதினார். 'என் தோழி திருத்துகிறாள்' என்றேன். வெளியீட்டு நாள் கிட்ட வந்தது. அவளிடமிருந்து பிரியாணிப் படம் வந்தது. கடற்கரைப் படம் வந்தது. நான் 'திருத்தம்?' என்று கேட்கவில்லை. கேட்டால் அது வேலையாகிவிடும் என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளே எடுத்தாள். வழமையான குரல் இல்லை.

"புள்ள, உனக்கு ஒண்டு சொல்லோணும். ஏசாத."

"சொல்லு."

"லப்டொப் ஒரு சாட்டு."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் தொடர்ந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கேரளத்துப் பிள்ளைகளுக்கும் கணினி படிப்பிக்கிறாளாம். தொடங்கிச் சில மாதமாம். என்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, பஸ்ஸில் என் தோளை உலுக்கியவள் பேசுகிற மாதிரி இருந்தது. அந்தச் சந்தோசம் வேறிடத்துக்குப் போயிருந்தது.

"வீட்ட வந்தா எனக்குப் பொதியும் வேணாம் பதிப்பும் வேணாம் எண்டிரிக்கி. உனக்கு எப்பிடிச் சொல்லுற? லப்டொப்பில ஏலாதெண்டு சொல்ல லேசா இருந்திச்சு. நீ என்னடாண்டா, நூலகத்தையே பிரிச்சுக் கட்டி, நான் சொன்ன சாட்டையும் எடுத்துப்போட்டாய்."

நான் திரையில் கிடந்த சிவப்பு அறிக்கைகளை ஒவ்வொன்றாக மூடினேன்.

"இரிக்கியா புள்ள?"

"இருக்கிறன்."

"கோவமா?"

"இல்ல." அது பாதி உண்மை. "உன்ர பேர்?"

"நானே எழுதிறன். அவங்கள் எடுக்கத் தேவையில்ல. நான் காணாமற்போன ஆளில்லை. ஆனா அந்தச் சோதனையை முதல்ல திருத்தித் தாறன். அது என்ட பிழையும்தானே."

திருத்தம் மறுநாள் வந்தது. அவளுடைய கை. செய்தியின் சொற்களைப் பார்க்காமல், ஒவ்வொரு பிழைக்கும் உரிய இலக்கத்தைப் பார்க்கும்படி சோதனைகளை மாற்றியிருந்தாள். தமிழ்ச் செய்திகளை அழிக்கவில்லை. அவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, மொழிபெயர்ப்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஓடும்படி செய்திருந்தாள். நான் செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அதன் பின்னாலேயே மடலாடலுக்கு அவளுடைய கடிதமும் வந்தது. நன்றி சொல்லி, இதுவே தன் கடைசித் திருத்தம், பராமரிப்பாளர் பெயர்களிலிருந்து தன்னை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள்.

வழக்கப்படி திருத்தத்தை நான் பார்க்கவேண்டும். பார்த்துச் சரியென்றால் சேர்க்கவேண்டும். சேர்த்தால் முடிந்தது.

வரி வரியாக வாசித்தேன். இரண்டாம் முறையும் வாசித்தேன். மதிப்பொன்றை வைத்திருக்கிற மாறி ஒன்றுக்கு அவள் வைத்திருந்த பெயரில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கேள்வி போட்டேன்: 'இந்தப் பெயர் தெளிவாக இருக்கிறதா? வேறொன்று யோசிக்கலாமா?' பொத்தானை அமத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். சந்தியில் ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டுக் கேட்டது. அது எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, திரும்பிப் போய், சத்தம் இல்லாமலானது.

பதில் வந்தது.

'அந்தப் பேரில ஒண்டும் பிழையில்ல புள்ள. உனக்கும் தெரியும். சேத்து விடு.'

சேர்த்தேன்.

பெயர்களில் இப்போது நான் ஒருத்தி. புதிய பதிப்பெண்ணில் களஞ்சியத்தில் ஏற்றினேன். போலந்து பச்சையானது. பிரேசில் பச்சையானது. ஜப்பானும் பச்சையானது. திங்கட்கிழமை பின்னேரம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு அறிக்கை வந்தது, கட்டார். பெயர் போடாத அறிக்கை. கேட்டபோது, "பள்ளிக்கூடத்தில ஒரு பழைய கொம்பியூட்டர் சும்மா கிடந்திச்சு. நீ எதை ஏத்தினாலும் ஓட்டிப் பாத்து அறிக்கை அனுப்பச் சொல்லி விட்டிரிக்கன். பிள்ளைகளுக்குக் காட்ட நல்லம்" என்றாள். பிறகு, "வாசிக்கமாட்டன் புள்ள. ஓட்டிப் பாக்கிறது மட்டுந்தான்" என்றாள்.

வாசிப்பதும் ஓட்டிப் பார்ப்பதும் ஒன்றாகாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்றாலும் இப்போதெல்லாம் நான் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வெளியிடுகிறேன். ஆவணத்தில் ஒரு வசனத்தைச் சீர்செய்தால் ஒரு பதிப்பு. அட்டவணையில் ஒரு வரி கூடினால் ஒரு பதிப்பு. போன கிழமை குளிர்நாட்டுக்காரர், 'ஏன் இத்தனை சிறு வெளியீடுகள்?' என்று கேட்டார். 'திருத்தங்கள் இருக்கின்றன' என்று எழுதினேன். பொய்யில்லை, தேடினால் இருக்கத்தான் செய்கின்றன.

இன்று காலையும் ஒன்றை ஏற்றினேன். போலந்து வந்துவிட்டது. கட்டாரில் பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. யாராவது வந்து அந்தக் கணினியைப் போடவேண்டும்.